ரயில் வராத மலையில் ஒரு தண்டவாளம்

எங்கள் ஆயாவின் குரலைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் உண்டு.

ஒன்று, கேஸட் கட்சி. மாமா, சித்தி, அவர்கள் பிள்ளைகள், அடியேன் எல்லாரும் இதில் மெம்பர்கள். எங்கள் கொள்கை: ஆயாவுக்குக் கீச்சுக் குரல், பாடப் பாட உற்சாகம் ஏறி, சுதியும் ஏறிவிடும். ஆதாரம்: 1991-ல் மாமா பதிவு செய்த ஓர் அறுபது நிமிஷக் கேஸட்.

இன்னொரு கட்சியில் ஒரே மெம்பர். எங்கம்மா. கொள்கையும் ஒரே வரிதான்: "அது எங்காத்தா குரலே இல்லை."

ஆயா 1993-ல் போய்ச் சேர்ந்தாள். எனக்கு அப்போது ஒரு வயசு. ஆகவே நான் சாட்சி சொல்ல லாயக்கில்லை. கேஸட்டைப் போட்டால் அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவாள். "யாரோ சின்னப் புள்ள பாடுது, அதைப் போய் எங்காத்தாங்கறீங்க" என்பாள். மாமாவுக்கு இது மானப் பிரச்னை. டேப் ரிக்கார்டர் அவருடையது, மைக் பிடித்தவர் அவர். "பத்து அடி தள்ளிகூட இல்ல, மொகத்துக்கு நேரா புடிச்சேன். நடுவுல வேற எவ வந்து பாடுவா?" என்பார். ஒரு பொங்கலுக்கு இந்தப் பேச்சு முற்றி, அடுத்த பொங்கல் வரை அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் கொல்லிமலையில் பெரக்கரை நாடு. 'நாடு' என்றதும் ஆபீஸில் "விசா வேணுமா சார்?" என்பார்கள். மலையில் பஞ்சாயத்துகளுக்கு அப்படித்தான் பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று போகும். அடிவாரம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. நாற்பதாவதில் எலுமிச்சம்பழம் கையில் இல்லாதவர்கள் வருத்தப்படுவார்கள். 1991-ல் நாங்கள் சேலம் ஜில்லா. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ல். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் அதற்கும் பிறகுதான் வந்தது. (இந்தக் கடைசி வாக்கியம் கதைக்கு முக்கியம். ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.)

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். கேஸட்டுக்குப் பூஞ்சைக் காளான் பிடிக்கிறதே என்று, அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற உட்கார்ந்தேன். பழைய டெக் ஒன்று, ஒரு ஒயர், ஆடாஸிட்டி என்கிற இலவச ஸாஃப்ட்வேர். அவ்வளவுதான் செலவு. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் இலவசம் என்றால் இன்னொன்றையும் இறக்கிப் பார்க்கிற குணம் நமக்கெல்லாம் உண்டே. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதிய ஸானிக் விஷுவலைஸர் என்பதையும் இறக்கினேன். பாட்டைக் கேட்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு.

கீழே இடமிருந்து வலமாக நேரம் ஓடும். மேல் நோக்கிப் போகப் போக ஸ்தாயி உயரும். எந்த நேரத்தில் எந்த அதிர்வு எவ்வளவு பலமாக இருக்கிறதோ அதற்குத் தக்கபடி நிறம். ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். 1940-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதற்கென்று தனி மெஷின் வைத்துக் காகிதத்தில் வரைந்து எடுத்தார்கள். இப்போது மத்தியான சாப்பாட்டு டயத்தில், தயிர் சாதத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் வைத்துப் பார்க்கலாம். பின்னால் போனவர்களில் ஒருத்தர் "என்ன ஷேர், இவ்ளோ ஏறுது?" என்றார். இன்னொருத்தர் ஈ.ஸி.ஜி. என்று நினைத்து உடம்பைப் பற்றி விசாரித்தார். மானேஜர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இதன் உள்ளே இருப்பது ஃபூரியே என்கிற பிரெஞ்சுக்காரரின் கணக்கு. இரும்பில் சூடு எப்படிப் பரவுகிறது என்று யோசித்து 1822-ல் புஸ்தகம் போட்டவர். எப்பேர்ப்பட்ட கோணல்மாணலான அலையையும் எளிய அலைகளாகப் பிரித்துவிடலாம் என்றார். காய்கறிக் கூட்டைப் பிரித்து, கத்தரிக்காய் இவ்வளவு, பூசணி இவ்வளவு என்று சொல்வது போல. கையால் போட்டால் ஆயுசு போதாது. 1965-ல் கூலி, டூக்கி என்ற இரண்டு பேர் குறுக்கு வழி ஒன்றைப் பிரசுரித்த பிறகுதான் கம்ப்யூட்டர்கள் இதைச் சடுதியில் போட ஆரம்பித்தன.

ஒரு தொல்லை உண்டு. கம்ப்யூட்டரில் ஒரு செகண்டுக்கு 44,100 அளவு எடுக்கிறோம் என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 4,096 அளவை மொத்தமாக எடுத்துப் பிரித்தால், அது சுமார் பத்தில் ஒரு செகண்ட். சுரத்தின் இடம் 11 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் தெளிவு. 32,768 எடுத்தால் ஒன்றரை ஹெர்ட்ஸுக்கும் கீழே துல்லியம் வந்துவிடும். ஆனால் முக்கால் செகண்ட் ஓடிப்போயிருக்கும், அதற்குள் பாடகி அடுத்த வார்த்தைக்குப் போய்விடுவாள். ஸ்டூடியோவில் அசையாத கல்யாண மாப்பிள்ளையைப் படம் எடுப்பதற்கும், ஓடுகிற குழந்தையை எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். எதைப் பார்க்கிறோமோ அதற்குத் தக்கபடி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் தேடியது உறுமலை. கரண்ட்டில் ஓடுகிற ரிக்கார்டரில் பதிவு செய்தால் அடியில் 50 ஹெர்ட்ஸில் ஒரு 'ம்ம்ம்' ஒட்டிக்கொண்டு வரும். பழைய டேப்களைப் பாதுகாக்கிறவர்கள் அதை வைத்தே டேப் சரியான வேகத்தில் ஓடியதா என்று பார்ப்பார்கள். உறுமல் 53-ல் இருந்தால் எல்லாமே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். (அந்தக் காலத்தில் நம் கரண்ட் 50-ல் ஒழுங்காக நின்றதா என்பது வேறு கேள்வி.) ஆயாவின் கேஸட்டில் உறுமலே இல்லை. வீட்டில் கரண்ட் இல்லையே! மாமாவின் ரிக்கார்டர் ஓடியது பேட்டரியில்.

பேட்டரி என்ற வார்த்தை மனசில் விழுந்ததும் அம்மா கட்சிக்கு முதல் ஓட்டு விழுந்த மாதிரி இருந்தது.

பேட்டரி இறங்கினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாக ஓடும் டேப்பில் பதிவு செய்து, அதைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் வேகமாகவும் உச்சமாகவும் கேட்கும். கேஸட் ஒரு செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது 1963-ல் பிலிப்ஸ் கேஸட்டைக் கொண்டுவந்த நாளிலிருந்து கணக்கு. அன்றைக்குப் பெரக்கரை நாட்டில் எவ்வளவு ஓடியது? முப்பது வருஷம் கழித்து யாரைப் போய்க் கேட்பது?

ஸ்க்ரீனில் கண்ணை ஓட்டிக்கொண்டே போனேன். ஆயாவின் குரல் அழகான ஏணி மாதிரி தெரிந்தது. அடியில் ஒரு கோடு, அதன் இரண்டு மடங்கில் ஒன்று, மூன்று மடங்கில் ஒன்று என்று சம இடைவெளியில் படிகள். நடுவே கோழி. அப்புறம் மாமா "ஆத்தா, அந்த இன்னொண்ணு பாடு" என்பது. நாலாவது நிமிஷத்தில், குரலுக்குப் பின்னால், மங்கலாக மூன்று நேர்க்கோடுகள் தெரிந்தன. ஏணியோடு சேராதவை. பதினேழாவது நிமிஷத்தில் மறுபடி அதே மாதிரி மூன்று.

ஹெட்ஃபோனை அழுத்திக் கேட்டேன். டங்... டங்... டங்...

பள்ளிக்கூட மணி!

மணி என்பது மரியாதைக்குச் சொல்வது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொங்கியது ஒரு தண்டவாளத் துண்டு. ரயிலே வராத மலைக்கு வந்து சேர்ந்த ஒரே தண்டவாளம். யார் கொண்டுவந்தார்கள் என்பதற்கு ஊரில் ஏழெட்டுக் கதைகள் இருக்கின்றன. நான் அதன் அடிக்குப் பயந்து ஓடியவன். ஆள் மாறினாலும் இரும்பு மாறாதே! அது இன்னும் அங்கே இருந்தால், அதன் நிஜமான சத்தத்தைப் பதிவு செய்து கேஸட்டில் இருப்பதோடு ஒப்பிடலாம்.

தண்டவாளத்தின் கோடுகள் ஏன் ஏணியாக நிற்கவில்லை என்பதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. தந்தியும் தொண்டையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு மடங்குகளில் ஒலிக்கும். அதனால் காதுக்கு ஒரே சுரமாகக் கேட்கும். இரும்புத் துண்டு அப்படி இல்லை. அதன் மடங்குகள் இரண்டே கால், மூன்றே சொச்சம் என்று இஷ்டத்துக்கு இருக்கும். வெறும் தோலை இழுத்துக் கட்டின மேளமும் அப்படித்தான், கசகசப்பு. ஆனால் மிருதங்கம் மட்டும் சுருதியோடு பேசுகிறதே எப்படி? வலந்தலையில் அப்பியிருக்கிற கறுப்புச் சோறுதான் தோலின் மடங்குகளை முழு மடங்குகளாகக் கொண்டுவருகிறது என்று 1920-ல் 'நேச்சர்' பத்திரிகையில், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து, எழுதியவர் நம் திருச்சிக்காரர் ஸி.வி. ராமன். ஆபீஸ் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 1907 முதல் 1917 வரை அவரும் நிதித்துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, ஆபீஸுக்கு முன்னும் பின்னும்தான் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்தார். நாம் அந்த நேரத்தில் டீ குடிக்கிறோம்.

எங்கள் மலைக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. புறநானூற்றில் 152-வது பாட்டு வல்வில் ஓரியைப் பற்றியது, பாடியவர் வன்பரணர். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தின வேட்டுவனைக் காட்டில் பார்த்து அசந்துபோய், கூட வந்த விறலியரிடம் யாழைச் சுதி சேர்க்கச் சொல்கிறார், முழவுக்கு மண் பூசித் தயார் செய்யச் சொல்கிறார். தோலில் ஒன்றை அப்பினால்தான் சத்தம் ஒழுங்குக்கு வரும் என்பது அந்தக் கோஷ்டிக்குத் தெரிந்திருக்கிறது. அளந்து எழுதத்தான் ராமன் வர வேண்டியிருந்தது. தேவாரப் பண்களில் ஒன்றுக்கும் கொல்லி என்றே பெயர். இன்றைக்கு ஓதுவார்கள் அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். கொல்லிமலை என்றால் அன்னாசிப்பழமும் மிளகும்தான் என்று நினைக்கிற நண்பர்களுக்காக இதைச் சொன்னேன்.

ஆடிப் பதினெட்டுக்கு, ஓரி விழா சமயத்தில், இரண்டு நாள் லீவ் போட்டு மலைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் எலெக்ட்ரிக் பெல் வந்துவிட்டது. ஆனால் தண்டவாளத்தைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை; வராந்தா ஓரத்தில் கம்பியில் அப்படியே தொங்கியது. ஹெட்மாஸ்டரிடம் "சார், இதை நாலு தட்டு தட்டிக்கலாமா?" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படிக்கிறப்ப அடிக்க விடலையா?" என்றார். போல்ட் ஒன்றைக் கொடுத்தார்.

போனில் பதிவு செய்தேன். போனுக்குள் நேரம் பார்ப்பது குவார்ட்ஸ் படிகம். பேட்டரி இறங்கினாலும் அது சுதி தவறாது. எந்த இடத்தில் தட்டினாலும் சில கோடுகளின் பலம் கூடும் குறையும், கோடுகள் இருக்கிற இடம் மாறாது. இரும்பைப் போல ஒரு சாட்சி கிடைப்பது கஷ்டம்.

அன்று ராத்திரியே மலையில் உட்கார்ந்து கணக்கு. தண்டவாளத்தின் இன்றைய கோடுகள்: 912, 2,250, 3,980 ஹெர்ட்ஸ். கேஸட்டில் முதல் மணி: 994, 2,452, 4,338.

இரண்டு வரிசையிலும் இரண்டாவதை முதலாவதால் வகுத்தேன். இரண்டுக்கும் 2.467. மூன்றாவதை வகுத்தேன். இரண்டுக்கும் 4.364. டேப் என்ன வேகத்தில் ஓடினாலும் கோடுகள் எல்லாம் சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும்; அவற்றுக்குள் இருக்கிற விகிதம் கெடாது. ஆக, அதே தண்டவாளம்தான். கைரேகை பொருந்திவிட்டது. அப்படியானால் 994-ஐ 912-ஆல் வகுத்தால்? 1.09. கேஸட் ஒன்பது பர்ஸன்ட் வேகமாக ஓடுகிறது. ஒன்றரை அரைச்சுரம்; கட்டைக் கணக்கில் சுமார் முக்கால் கட்டை.

இரண்டாவது மணியை எடுத்தேன். 1,023, 2,525, 4,466. அதாவது 1.122 மடங்கு. முழுசாக ஒரு கட்டை ஏறியிருந்தது! ஒரே கேஸட்டில், ஒரே டெக்கில், பதினான்கு நிமிஷத்துக்குள். டெக் கரண்ட்டில் ஓடுகிறது, அதற்கு இந்த நோய் கிடையாது. மாமாவின் பேட்டரி பாட்டுக்குப் பாட்டு உயிரை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

சந்தேகம் தெளிய இன்னொரு கணக்கு. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே பள்ளிக்கூடத்தில் 15 நிமிஷம். கேஸட்டில் 13 நிமிஷம் 34 செகண்ட். இதை நம்ப எனக்குத் தயக்கம். ஏனென்றால் அந்தக் காலத்தில் வாத்தியார் வருகிற பஸ் வந்தால்தான் முதல் மணி என்பது ஊர் அறிந்த ரகசியம். இருந்தாலும் 1.09-க்கும் 1.122-க்கும் சராசரி எடுத்துப் பெருக்கினேன். 15 நிமிஷம், செகண்ட் சுத்தமாக! பாவம் வாத்தியார், அன்றைக்கு டயத்துக்குத்தான் வந்திருக்கிறார்.

இப்போது ஆயாவிடம் வருவோம்.

முதல் மணி அடிக்கும்போது கேஸட்டில் அவள் நின்ற ஆதார சுருதி 220 ஹெர்ட்ஸ், ஆறு கட்டை. வகுத்தால் 202. ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே. இரண்டாம் மணி அடிக்கும்போது கேஸட்டில் 226, 227 என்று ஏறியிருக்கிறாள். 1.122-ஆல் வகுத்தேன்.

202.

திரும்ப வகுத்தேன். 202-தான். ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் இப்படி அப்படி. கால் மணி நேரம். சுருதிப் பெட்டி இல்லை, தம்பூரா இல்லை, பக்கத்தில் கோழி, எதிரே மைக்கை நீட்டிக்கொண்டு ஒரு தம்பிப் பையன். நடுவில் பேசுகிறாள், இருமுகிறாள், கோழியை விரட்டுகிறாள். மறுபடி பாட ஆரம்பிக்கும்போது விட்ட இடத்துக்கே வந்து உட்காருகிறாள். "பாடப் பாட சுதி ஏறிடும்" என்று கேஸட் கட்சி முப்பது வருஷமாகச் சொல்லிச் சிரித்ததே, அவ்வளவும் நாலு பேட்டரியின் லட்சணம்.

அம்மா "சின்னப் புள்ள" என்று சொன்னாளே, அதற்கும் காரணம் கிடைத்தது. ஒருத்தர் சுதியை ஏற்றிப் பாடினால் தொண்டையில் குரல் நாண்கள் வேகமாக அதிரும். ஆனால் வாயும் தொண்டைக் குழியும் அதே அளவில்தான் இருக்கும். அந்தக் குழியின் அதிர்வுதான் இது ராமாயி, இது பாப்பாத்தி என்று நமக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. டேப் வேகமாக ஓடும்போது குழியின் அதிர்வும் சேர்ந்து ஏறிவிடும். அதாவது மண்டையே எட்டு பர்ஸன்ட் சுருங்கின மாதிரி. அம்மா கேட்டது நிஜமாகவே ஒரு சின்னத் தலையிலிருந்து வந்த குரல். அவள் சுதியைப் பற்றி ஒருநாளும் புகார் சொன்னதில்லை. ஆள் வேறு என்றுதான் சொன்னாள்.

சரி செய்வதற்கு ஆடாஸிட்டியில் டைம் ட்ராக் என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. போகப் போக வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். இரண்டு மணிக்கும் நடுவே ஒரு சரிவுக்கோடு போட்டேன். சில ஸாஃப்ட்வேர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "பாடகி சுரம் தப்பியிருக்கிறார், பக்கத்துக் கட்டையில் தூக்கி வைக்கட்டுமா?" என்று கேட்கும். தாலாட்டில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஆயா மேலிருந்து சரிந்து வந்து, கீபோர்டில் கட்டையே இல்லாத ஓர் இடத்தில் நிற்கிறாள். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு தடவையும் அதே இடம். இதைத் தூக்கி பியானோவில் வைக்க நான் யார்? நம் சங்கீதத்துக்கு இந்த மாதிரி ஸாஃப்ட்வேர்கள் பொருந்தவில்லை என்றுதான் 2011 முதல் 2017 வரை பார்ஸிலோனாவில் ஸேவியர் ஸெர்ரா என்பவர் தலைமையில் காம்ப்மியூஸிக் என்ற ஆராய்ச்சியே நடந்தது. கர்னாடக சங்கீதத்தின் பக்கம் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தியின் குழுவும் சேர்ந்துகொண்டது. அவர்கள் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, பாடுகிறவரின் ஆதார சுருதி எது என்று கண்டுபிடிப்பது. நம் ஊரில் ஆளுக்கு ஒரு கட்டை அல்லவா?

மறுநாள் காலை அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "அந்தக் கேஸட்டா? எனக்கு வேலை இருக்கு கண்ணு" என்று எழுந்தாள். "ரெண்டு நிமிஷம்மா" என்று சொல்லிப் போட்டுவிட்டேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கோழி வந்தது. இருமல் வந்தது. முதல் மணி அடித்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்க்ரீனில் நான் கஷ்டப்பட்டு வரைந்த கோடுகள் எல்லாம் ஓடின, அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருமுறது முன்னால வலது பக்கம் திரும்புவா" என்றாள். பிறகு, "இன்னொருக்கா போடு."

மூன்று தடவை போட்டேன். மூன்றாவது தடவை முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க மாமனுக்குப் போன் போடு" என்றாள். போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். தண்டவாளம், விகிதம், 1.09 எல்லாவற்றையும் மாமாவுக்கு விளக்கினேன். அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை.

"மாப்ள, ஒண்ணு சொல்றேன் கேளு. அது புது பேட்டரிதான்" என்றார். "ரேடியோவுல போட்டு ரெண்டே மாசந்தான் ஆயிருந்துச்சு."